‘குளுக்கோஸ்’ ஏற்றுதல்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

நோயாளியின் கட்டிலருகே கம்பத்தில் ஒரு புட்டி தொங்குகிறது. அதிலிருந்து மருந்துநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கையிலுள்ள இரத்தக் குழாய்க்குள் செல்கிறது. இதனை நம் மக்கள் ‘குளுக்கோஸ் ஏற்றுதல்’ என்றும், ‘டிரிப்ஸ் போடுதல்’ என்றும் வழங்குகின்றனர். அறுவடைக் காலத்தில் காய்ச்சல் கண்ட உழவரும், தறியில் அமர இயலாது சோர்ந்த நெசவாளரும், “ஒரு புட்டி ஏற்றிவிடுங்கள் ஐயா, நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும்” என்று மருத்துவரை வேண்டுவது எங்கும் காணும் காட்சியாகும். மற்றொரு புறம், வாந்தியும் வயிற்றுப்போக்குமாய்க் கண் குழிந்து, நாடி தளர்ந்து கிடக்கும் குழந்தையை, “பிஞ்சு உடம்பு, ஊசி தாங்காது” என்று வீட்டிலேயே வைத்திருந்து பறிகொடுக்கும் பெற்றோரும் உளர். தேவையில்லாத இடத்தில் இதனை விரும்புவதும், தேவையான இடத்தில் இதற்கு அஞ்சுவதும் ஆகிய இரண்டுமே அறியாமையால் விளைவன. ஆதலின் இம்முறையின் இயல்பையும், நன்மையையும், இடரையும் நம் உறுப்பினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

நரம்பு அன்று, சிரை

‘நரம்பு ஊசி’ என்று பேச்சில் வழங்கினும் நீர் செல்வது நரம்பில் அன்று. உடலெங்கும் சென்ற இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரை என்னும் குழாயினுள்ளே அது செல்கிறது. வாய்வழி உட்கொள்ளும் பொருளுக்குப் பல காவல்கள் உண்டு. நாக்கு சுவை பார்க்கிறது. வயிற்றின் புளிப்புநீர் கிருமிகளுட் பலவற்றை அழிக்கிறது. ஒவ்வாததை வயிறு வாந்தியாக வெளியே தள்ளுகிறது. சிரைக்கு இக்காவல்களுள் ஒன்றும் இல்லை. அதில் செலுத்தியது நல்லதாயினும் தீயதாயினும் சிறிது நேரத்திற்குள் இதயத்தை அடைந்து உடல் முழுதும் பரவிவிடும். இம்முறையின் ஆற்றலும் அபாயமும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளன.

தோன்றிய வரலாறு

1831, 1832 ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் காலரா பரவி மக்களை வாரிக்கொண்டு சென்றது. அப்போது வில்லியம் ஓஷானசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதிலிருந்து நீரும் உப்புக்களும் பெருமளவில் வெளியேறிவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். இவரே பின்னர் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். நம் நாட்டில் தந்தித் தொடர்பை நிறுவியவரும் இவரே. இவருடைய ஆராய்ச்சியைக் கண்ணுற்ற தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர், 1832 இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில், இறக்கும் தறுவாயிலிருந்த ஒரு மூதாட்டியின் சிரையில் உப்புநீரைச் செலுத்தினார். குழிந்த கண்கள் தெளிந்தன, நாடி திரும்பிற்று, குளிர்ந்த உடல் சூடேறிற்று. இனி அஞ்சுவதற்கில்லை என்றெண்ணி லாட்டா அவரை மற்றொரு மருத்துவரிடம் ஒப்புவித்துச் சென்றார். வயிற்றுப்போக்கு மீண்டும் தொடங்கியது. இழந்த நீரை மறுபடி ஈடுசெய்வார் இல்லை. சில மணி நேரத்தில் அம்மூதாட்டி உயிர் நீத்தார்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் மாறவில்லை. நீரேற்றத்தைத் தொடங்கிவிட்டால் மட்டும் போதாது. இழப்பு நிற்கும் வரை நோயாளியை அருகிருந்து கவனித்தல் வேண்டும்.

புட்டியில் இருப்பது என்ன?

புட்டிகள் யாவும் ஒன்றல்ல. ‘நார்மல் சலைன்’ என்பது ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கலந்தது. ‘ரிங்கர் லாக்டேட்’ என்பதில் சாதாரண உப்புடன் பொட்டாசியமும் கால்சியமும் லாக்டேட்டும் உண்டு. ‘ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ்’ என்பதே மக்கள் சொல்லும் குளுக்கோஸ் நீர். ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரைச் சத்து அதில் இருக்கிறது.

அரை லிட்டர் குளுக்கோஸ் புட்டியில் 25 கிராம் சர்க்கரைதான் உண்டு என்பதை நினைவிற்கொள்க. அதனால் கிடைக்கும் சத்து நூறு கலோரிக்கு மேற்படாது. இரண்டு மூன்று இட்லி தரும் சத்தும் அவ்வளவே. மென்று விழுங்கக்கூடிய ஒருவர் வேலையை இழந்து, கடன் வாங்கி, கையில் ஊசி ஏற்றி அதனைப் பெற வேண்டுவதில்லை. நீர் ஏறியதும் தெம்பு வந்தாற்போல் தோன்றுவதற்குப் பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரப் படுக்கையும், உடன் செலுத்திய காய்ச்சல் மருந்துமே காரணமாகும்.

மேலும், வயிற்றுப்போக்கில் உடல் இழப்பது நீரை மட்டுமன்று; உப்பையும் இழக்கிறது. உப்பில்லாத வெறும் குளுக்கோஸ் நீர் அதற்கு ஈடாகாது. இன்ன நோய்க்கு இன்ன நீர் என்று தேர்வது மருத்துவரின் பொறுப்பு. ‘ஏதாவது ஒரு புட்டி’ என்று நாம் கேட்பது முறையன்று.

எவருக்குத் தேவை, எவருக்குத் தேவையில்லை?

நீர்வற்றி மயங்கியவர், நாடி தளர்ந்தவர், குடித்ததை எல்லாம் வாந்தி எடுப்பவர், இரத்தம் மிக இழந்தவர், அறுவைச் சிகிச்சையின் பொருட்டு வாய்வழி உண்ணலாகாதவர் ஆகியோர்க்கு இம்முறை உயிர் காப்பதாகும். இவர்கள் திறத்தில் ஒரு நாழிகைத் தாமதமும் தீங்கு தரும். 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

ஆனால் வாயால் குடிக்கக்கூடியவர்க்கு வாய்வழியே சிறந்தது. இதனை நாட்டுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர் மருத்துவர் திலீப் மஹலானபிஸ். 1971 இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையருகே பன்காவில் அகதிகளிடையே காலரா மூண்டது. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். கையிருந்த புட்டிகள் தீர்ந்து வந்தன. அவரும் துணைவரும் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொட்டலங்கள் செய்து, நீரிற் கலந்து வைத்தனர். தாயரும் உறவினருமே குவளையால் மொண்டு நோயாளிகளுக்குப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது பேரளவில் மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு நான்கினும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலில் உப்பை உள்ளிழுக்கத் துணைசெய்ய, உப்பின் பின்னே நீரும் செல்கிறது என்பதே இதன் தத்துவம். 2022 இல் மறைந்த இப்பெரியாருக்கு மறு ஆண்டில் நாடு பத்ம விபூஷண் விருதளித்துப் போற்றியது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இம்முறையின் திருந்திய வடிவமே. உறையில் எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவு தூய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துக. பொட்டலம் கிடைக்கும் வரை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி இட்டுக் கலந்து தரலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் ஏற்றதே. வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுக்கு மருத்துவர் சொற்படி 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் தரவேண்டும்.

அளவும் வேகமும்

சொட்டு நீர்ப்பாசனம் அறிந்த விவசாயிக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. செடிக்கு நீர் தேவை. மிகுந்தால் வேர் அழுகும். உடலும் அத்தகையதே. அளவு மிஞ்சிய நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். முதியோர், இதய நோயர், சிறுநீரக நோயர், கடும் இரத்தச் சோகையுற்றோர், சிறு குழந்தைகள் ஆகியோர் இதற்கு எளிதில் இரையாவர். டெங்குக் காய்ச்சலிலும் இவ்வெச்சரிக்கை மிகத் தேவை. அந்நோயில் காய்ச்சல் தணியும் சமயத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களினின்று கசியத் தொடங்குகிறது; அந்த ஓரிரு நாளில் கணக்காக நீர் கொடுத்தல் வேண்டும். கசிந்தது பின்னர்த் தானே திரும்பும்போதும் புட்டி ஓடிக்கொண்டிருந்தால் அதுவே கேடாய் முடியும்.

வேகத்தின் கணக்கு எளியது. பெரியவர்களுக்குரிய குழாய்களுட் பலவற்றில் 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் ஆகும். அரை லிட்டர் நீர் 4 மணி நேரத்தில் ஏற வேண்டுமாயின், 10,000 சொட்டுக்களை 240 நிமிடங்களால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு எனக் கிடைக்கும். குழந்தைகளுக்குரிய நுண்சொட்டுக் குழாயிலோ ஒரு மில்லி லிட்டருக்கு 60 சொட்டு. அதே 42 சொட்டு வேகத்தில் அதில் விட்டால் அரை லிட்டர் ஏறி முடிய 12 மணி நேரம் செல்லும். ஆகவே பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, “அவருக்கு வேகமாக ஓடுகிறதே” என்று குழாயின் உருளையை நாமே திருகுதல் பெரும் பிழை. நீர் மிக வற்றிய, ஒரு வயது கடந்த, 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் அரைமணியில் 300 மில்லி லிட்டரும், அடுத்த இரண்டரை மணியில் 700 மில்லி லிட்டரும் விரைந்து ஏற்றுவது முறை. அதே வேகம் மற்றொரு குழந்தைக்கு எமனாகலாம். நோயே வேகத்தை நிருணயிக்கிறது.

நீருடன் கலக்கும் மருந்துகளிலும் கவனம் தேவை. பொட்டாசியம் குளோரைடு என்னும் மருந்து புட்டியில் நன்கு கலந்து மெல்ல ஏறினால் நன்மை தரும். கலக்காமல் நேரே சிரையில் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடும். எனவே மருந்து கலந்த புட்டியின்மேல் மருந்தின் பெயர், அளவு, நேரம் ஆகியன எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பது மருத்துவமனை நெறி.

தூய்மையே காவல்

1972 இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனையில், தொழிற்சாலையிலிருந்து வந்த டெக்ஸ்ட்ரோஸ் புட்டிகளில் கிருமிகள் இருந்தமையால் நோயாளிகள் உயிரிழந்தனர். நீராவிக் கலத்தில் காற்றுத் தங்கிவிட, கீழ்த்தட்டிலிருந்த புட்டிகளுக்குப் போதிய வெப்பம் எட்டாமற் போனதே காரணம். 2014 இன் இறுதியில் கம்போடியாவின் பட்டம்பாங் மாகாணத்தில் ரோக்கா என்னும் நெல் விளையும் சிற்றூரில் இருநூறுக்கும் மேற்பட்டோர்க்கு எச்.ஐ.வி. தொற்றியிருப்பது தெரியவந்தது. குழந்தைகளும் முதியோரும் அதில் அடங்குவர். உரிமம் பெறாத ஒருவர் வீடுதோறும் சென்று தூய்மையற்ற முறையில் ஊசியும் நீரேற்றமும் செய்துவந்ததே காரணம் என்று ஆய்வில் கண்டனர். அவருக்கு 2015 இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஊராரால் பெரிதும் நம்பப்பட்டவர் என்பது கருதத்தக்கது. கைராசி என்ற நம்பிக்கை கிருமியைத் தடுப்பதில்லை.

உறவினர் கவனிக்க வேண்டியவை

1. நீரேற்றுபவர் பதிவு பெற்ற மருத்துவர் அல்லது அவர் மேற்பார்வையிலுள்ள செவிலியரா என்று அறிக. வீட்டுத் திண்ணையிலும் மருந்துக் கடையிலும் ஏற்றிக்கொள்ளுதல் வேண்டாம்.

2. புட்டியின் காலாவதித் தேதியைப் பார்க்க. வெளிச்சத்தில் பிடித்தால் நீர் பளிங்குபோல் தெளிந்திருத்தல் வேண்டும். கலங்கலோ, துகளோ, கசிவோ, மூடியில் பழுதோ காணின் ஏற்க வேண்டாம்.

3. ஊசியும் குழாயும் நம் கண்முன் புதிய உறையினின்று பிரிக்கப்பட வேண்டும். ஊசி ஏற்றுபவர் முதலில் கைகழுவி, தோலை மருந்திட்டுத் துடைத்து, அது உலர்ந்த பின்னரே குத்துவார்.

4. குழாயில் காற்று நீங்கி நீர் நிரம்பிய பின்னரே கையில் இணைக்கப்பட வேண்டும்.

5. ஊசி இருக்குமிடம் வீங்கினாலோ, சிவந்தாலோ, வலித்தாலோ, நோயாளிக்குத் திடீரெனக் குளிர்நடுக்கமோ, மூச்சுத்திணறலோ, உடலில் தடிப்போ, நெஞ்சடைப்போ தோன்றினாலோ, நள்ளிரவாயினும் செவிலியரை உடனே அழைக்க.

6. எவ்வளவு சிறுநீர் கழிந்தது, எத்தனை முறை வாந்தியும் போக்கும் ஆயின என்று குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்க. அடுத்த புட்டியின் அளவை அவர் அதைக்கொண்டே முடிவு செய்வார்.

7. தேவை தீர்ந்ததும் கையிலுள்ள ஊசிக்குழாயை அகற்றச் சொல்க. வீணே தங்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்குத் திறந்த வாயிலாகும்.

இவற்றை மரியாதையுடன் கேட்பதனால் எந்த நல்ல மருத்துவரும் மனம் வருந்தார். “ஐயா, இவர் குடிக்க முடிகிறதே, வாய்வழியே கொடுத்தால் போதாதா?” என்னும் ஒரு கேள்வி பல வேளைகளில் பணத்தையும், சில வேளைகளில் உயிரையும் காக்கும். “உடனே ஏற்ற வேண்டும்” என்று மருத்துவர் காரணம் காட்டிச் சொல்லும்போது தயங்காமல் இசைவதும் அதே அறிவின் பாற்பட்டதே.

நூலின் தரத்தையும் விதையின் தரத்தையும் ஆராய்ந்து கொள்ளும் நம் மக்கள், தம் இரத்தத்திற் கலக்கும் நீரைப் பற்றியும் அவ்வாறே ஆராய்ந்து கேட்டல் வேண்டும். இக்கட்டுரையை எழுத்தறியா அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.