சுயதொழில் செய்யும் பெண்ணுக்குக் காப்புறுதி ஏன்?

காணி இழந்து இடம்பெயர்ந்த எமது குடும்பங்களில் சில பெண்பிள்ளைகள் மணப்பெண் அலங்காரம், சிகை அலங்காரம், மசாஜ் ஆகியவற்றைக் கற்று உழைக்கின்றனர். அவர்களுக்கும் காப்புறுதி தேவையா?

காப்புறுதி எமக்குப் புதிதல்ல. இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி 1958இல் தொடங்கியது. வயல் அழிந்தால் நட்டம் எமக்கே. இத்தொழிலிலோ நம்பி வந்தவருக்கும் தீங்கு நேரலாம். தலைமயிர்ச் சாயம் சிலருக்கு முகவீக்கத்தையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். காலில் இரத்தக்கட்டி உள்ளவரை அழுத்திப் பிடித்தால் அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிராபத்தாகலாம். சுயதொழிலாளிக்குப் பின்னால் முதலாளி இல்லை. நட்டஈட்டை அவரே கொடுக்க வேண்டும்.

ஆகவே மூன்று பாதுகாப்புகளைக் கருத்திற் கொள்வோம்.

முதலாவது, பொறுப்புக் காப்புறுதி. வாடிக்கையாளர் வழுக்கி விழுவதை மட்டும் உள்ளடக்கும் பத்திரம் போதாது. சாயத்தாலோ மசாஜாலோ வரும் பாதிப்பும் அதில் அடங்குமா எனக் கேளுங்கள்.

இரண்டாவது, தொழிலாளியின் சொந்த விபத்துக்கும் நோய்க்குமான காப்புறுதி. கை நொந்தால் அன்றைய வருமானம் இல்லை.

மூன்றாவது, உபகரணங்களுக்குத் தீ, வெள்ளம், திருட்டுக்கான காப்புறுதி.

முதுமைக்கென, 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்கள் சுயதொழிலாளருக்கு உண்டு.

காப்புறுதி இருப்பதால் கவனம் குறையலாகாது. சாயம் பூசுவதற்கு 48 மணித்தியாலங்களுக்கு முன் சிறிதளவைத் தோலில் தடவிப் பாருங்கள். வாடிக்கையாளரின் நோய்களைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். பத்திரத்தைத் தமிழில் விளங்கிக்கொள்ளாமல் ஒப்பமிடாதீர்கள். தவணைப்பணம் தனியொருவருக்குப் பாரமானால், மாதர் சங்கமாகச் சேர்ந்து கூட்டுக் காப்புறுதி பெற முடியுமா என விசாரிப்போம்.