டிஎன்ஏ ஃபைலில் "பாஸ்" என்று இருந்தால் போதுமா?

செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒருநாள் காலை பென் டிரைவுடன் என் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் பணம் கட்டி அவருக்கு டிஎன்ஏ பரிசோதனை செய்திருந்தார். எச்சில் மாதிரி கொடுத்தால் போதும், முடிவு ஃபைலாக வந்துவிடும். வந்த ஃபைலை அவர் ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். இதய நோய் தொடர்பான அரிய மாற்றம் ஒன்று இருப்பதாக அது சிவப்பு நிறத்தில் காட்டியது.

"தம்பி, ஃபைலில் அந்த வரிக்கு நேராக 'பாஸ்' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் உறுதிதானே? இரண்டு பிள்ளைகளுக்கும் இது போயிருக்குமே" என்றார். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இப்படிப்பட்ட ஃபைல் இன்று யார் கைக்கும் வரலாம். அதைத் திறந்து எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் வீண் பயம் குறையும். அதை இங்கே பார்ப்போம்.

ஃபைலைத் திறப்பது எப்படி?

இந்த ஃபைலின் எக்ஸ்டென்ஷன் விசிஎஃப். மொபைல் போனில் உள்ள தொடர்பு எண்களைச் சேமிக்கும் ஃபைலுக்கும் இதே எக்ஸ்டென்ஷன்தான். அதனால் டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் இதை முகவரி அட்டை என்று நினைத்துக்கொண்டு பிழைச் செய்தி காட்டலாம். பயப்பட வேண்டாம், ஃபைல் கெட்டுப்போகவில்லை. பெயரின் கடைசியில் ஜிஇசட் என்று இருந்தால் செவன்-ஜிப் போன்ற இலவச புரோகிராமால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது வெறும் டெக்ஸ்ட்தான்.

எக்ஸெலில் மட்டும் திறக்காதீர்கள். ஒரு மனிதரின் ஜீனோம், ஒப்பிட வைத்திருக்கும் மாதிரி ஜீனோமிலிருந்து சுமார் 41 முதல் 50 லட்சம் இடங்களில் மாறுபடும். எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிசைகள்தான் உண்டு. மீதி வெட்டுப்பட்டுப் போகும். நோட்பேடும் திணறும். பெரிய டெக்ஸ்ட் ஃபைல்களுக்கென்றே உள்ள இலவச எடிட்டர் ஒன்றில் திறந்து, ஃபைண்ட் மூலம் தேவையான வரிக்குச் செல்லுங்கள். எதையும் மாற்றிச் சேமிக்க வேண்டாம்.

அந்த வரியில் என்ன இருக்கிறது?

நம் ஜீனோமின் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அப்பாவிடமிருந்து, இன்னொன்று அம்மாவிடமிருந்து வந்தது. மாதிரி ஜீனோமில் உள்ள எழுத்தே இருந்தால் 0, மாறிய எழுத்து இருந்தால் 1. ஆக 0/0, 0/1, 1/1 என்று மூன்றில் ஒன்று வரும். இதுதான் ஜீனோடைப்.

ஆசிரியரின் வரியின் கடைசியில் இப்படி இருந்தது: 0/1:3,1:4:8. இதைப் பிரித்துப் பார்ப்போம்.

0/1 என்பது ஜீனோடைப். ஒரு பிரதியில் மாற்றம் உண்டு என்று பொருள்.

3,1 என்பது வாசிப்புகள். மூன்று முறை பழைய எழுத்தும் ஒரே ஒரு முறை புதிய எழுத்தும் தெரிந்தன.

4 என்பது மொத்த வாசிப்பு. இதை டிபி என்று குறிப்பார்கள்.

8 என்பது ஜிக்யூ. அதாவது ஜீனோடைப்பின் தரம்.

மெஷின் டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகத்தான் படிக்கிறது. ஒவ்வொரு துண்டும் அப்பா பிரதியா அம்மா பிரதியா என்பது நாணயம் சுண்டுவது போல. மாற்றம் உள்ளவருக்கே நான்கு வாசிப்பும் பழைய எழுத்தாக விழுந்துவிடும் வாய்ப்பு 16-ல் ஒன்று. 30 முறை படித்தால் அந்த வாய்ப்பு சுமார் 107 கோடியில் ஒன்று. அதனால்தான் நல்ல பரிசோதனையில் 30 வாசிப்புகள் கேட்கிறார்கள். விலை குறைந்த பரிசோதனைகளில் வாசிப்புகளின் எண்ணிக்கையைத்தான் முதலில் குறைக்கிறார்கள்.

ஜிக்யூவைப் புரிந்துகொள்வது எளிது. 10 என்றால் பத்தில் ஒன்று தவறாக இருக்கலாம். 20 என்றால் நூறில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 8 என்றால் நூறில் சுமார் 16.

அப்படியானால் "பாஸ்" எதற்கு?

ஏழாவது பத்தியில் வரும் "பாஸ்" பொதுவாக அந்த இடத்தைப் பற்றியது. மெஷினும் புரோகிராமும் அந்த இடத்தை நன்றாகப் படிக்கின்றன என்றுதான் அது சொல்கிறது. இந்த நபருக்கு வந்த ஜீனோடைப் சரி என்று சொல்லவில்லை. ஆசிரியருக்கு நான் சொன்ன உதாரணம் இது: "சார், பள்ளிக்கு அங்கீகாரம் இருந்தால் அங்கே படித்த எல்லோரும் தேர்ச்சி என்று ஆகிவிடுமா?"

எனவே வரிகளை வடிகட்டுவதோடு ஒவ்வொருவரின் ஜீனோடைப்பையும் தனியாக வடிகட்ட வேண்டும். அமெரிக்காவின் பிராட் நிறுவனம் உருவாக்கிய ஜிஏடிகே என்ற இலவச புரோகிராமின் வழிமுறையில் ஜிக்யூ 20-க்குக் கீழ் இருப்பவற்றுக்குக் குறைந்த தரம் என்று அடையாளம் போடுவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: அப்படிப்பட்டதை 0/0 என்று மாற்றிவிடக் கூடாது. "தெரியவில்லை" என்பதற்கு ./. என்ற குறி இருக்கிறது. தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

வடிகட்டும் முன் ஒரு திருத்தம்

ஜிக்யூ 8 என்றாலும் நூறில் 84 பங்கு சரிதானே என்று தோன்றும். ஆசிரியரும் அதைத்தான் கேட்டார். இங்கேதான் ஒரு கணக்கு போட வேண்டும்.

அந்த மாற்றம் ஆயிரத்தில் ஒருவருக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேரை ஆளுக்கு நான்கு முறை படிக்கிறோம். உண்மையில் மாற்றம் உள்ளவர்கள் 100 பேர். அவர்களில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 பேருக்கு "3,1" என்று வரும். மாற்றம் இல்லாதவர்கள் 99,900 பேர். ஒரு வாசிப்பில் நூறுக்கு ஒன்று பிழை என்றால், அவர்களில் சுமார் 3,900 பேருக்கும் "3,1" என்றே வரும். ஆக, இந்த முடிவைக் கையில் வைத்திருப்பவர்களில் உண்மையில் மாற்றம் உள்ளவர் சுமார் 150-ல் ஒருவர்தான்!

இப்படி மக்கள் கணக்கையும் சேர்த்து ஜீனோடைப்பைத் திருத்துவதுதான் முதல் முறை. இரண்டாவது முறை குடும்பம். அப்பாவுக்கு 1/1 என்று உறுதியாகத் தெரிந்தால் பிள்ளைக்கு ஒரு 1 வந்தே தீரும். மூன்றாவது முறை பக்கத்து எழுத்துகள். டிஎன்ஏவில் அருகருகே உள்ள மாற்றங்கள் பெரும்பாலும் கூட்டாகவே தலைமுறை தாண்டி வருகின்றன.

பஸ் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். "கடலூர்" தெரிகிறது. அடுத்த எழுத்தில் சேறு. ஓ.டி.யா, என்.டி.யா? பக்கத்தில் "துறைமுகம்" என்று இருந்தால் ஓ.டி. என்று நாமே படித்துவிடுவோம். புரோகிராம் செய்வதும் இதுதான்.

2008-ல் தொடங்கிய ஆயிரம் ஜீனோம் திட்டம் இப்படித்தான் நடந்தது. விசிஎஃப் ஃபைல் முறையே அதற்காகத்தான் உருவானது. 2015-ல் முடிவு வெளியானபோது 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் அதில் இருந்தார்கள். முழு ஜீனோமை ஆளுக்குச் சராசரியாக 7.4 முறைதான் படித்தார்கள். விடுபட்டதைப் பக்கத்து எழுத்துகளை வைத்துத் திருத்தினார்கள். பின்னர் இவர்களையும் சேர்த்து 3,202 பேரை 30 முறை வீதம் மறுபடியும் படித்து 2022-ல் வெளியிட்டார்கள்.

யாருடைய கணக்கு?

திருத்தத்திலும் ஒரு ஆபத்து உண்டு. என்.டி. பஸ்களை மட்டுமே பார்த்துப் பழகியவர், சேறு படிந்த எல்லாப் பலகையையும் என்.டி. என்றே படிப்பார். ஐரோப்பியர் கணக்கை வைத்து நம் ஃபைலைத் திருத்தினால் இதே கதைதான்.

நம் ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், இதயத் தசை நோயுடன் தொடர்புடையது. பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இது இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ நூறில் நான்கு பேருக்கு இருப்பதாகக் கண்டார்கள். இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. முன்பு போட்ட கணக்கை, அதே பிழை அளவை வைத்து, நூறுக்கு நான்கு என்று போட்டுப் பாருங்கள். "3,1" வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மாற்றம் உண்மை. ஆனால் இதை அரிதாகக்கூடப் பார்க்காத கணக்கைக் கொடுத்தால், புரோகிராம் அந்த ஒருவரையும் அழித்துவிடும்.

அந்த 2,504 பேரில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் 102 பேர் இருந்தார்கள். இப்போது நிலைமை மாறிவருகிறது. 2020-ல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் ஜீனோம் அலசப்பட்டு, முதல் முடிவுகள் 2025-ல் வெளியாயின. நம்மைத் திருத்த நம்முடைய கணக்கு சேர்ந்து வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சிவப்பு வரி வந்தால் முதலில் டிபி, ஜிக்யூ இரண்டையும் பாருங்கள். ஜிக்யூ 20-க்குக் கீழ் என்றால் அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

2. திருத்தம் செய்திருந்தால் எந்த மக்களின் கணக்கை வைத்துச் செய்தார்கள் என்று கேளுங்கள்.

3. எண்கள் நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி, ஆய்வகத்தில் வேறு முறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பரிசோதனை ஃபைல்களில் தெரிந்த மாற்றங்களைச் சரிபார்த்து 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 40 சதவீதம் தவறாக இருந்தன.

4. கண்ட இணையதளத்தில் ஃபைலை ஏற்றாதீர்கள். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். டிஎன்ஏவை மாற்ற முடியாது. அதில் உங்கள் பிள்ளைகளின் விவரமும் இருக்கிறது.

ஆசிரியர் மருத்துவரைப் பார்த்து ரத்த மாதிரி கொடுத்தார். அந்த ஓர் இடத்தை மட்டும் தனியாகப் படித்துச் சொன்னார்கள். மாற்றம் இல்லை. "அந்த 3,900 பேரில் நானும் ஒருவன், தம்பி" என்று சிரித்தார். அந்த 25 பேரில் ஒருவராக இருந்திருந்தாலும், அவர் செய்ய வேண்டியிருந்தது இதே மறுபரிசோதனைதான்.