பொய்ப்பல்லின் அடிப்பக்கம்

பிரிட்ஜ் கட்டிக்கொள்பவரின் முகத்தை நான் பார்ப்பதில்லை. மதுரையில் நாங்கள் நடத்தும் பல் லேபுக்கு டாக்டர் எடுத்த அச்சுதான் வரும். அதில் கல்பொடியைக் கரைத்து ஊற்றி மாதிரி எடுத்ததும் அந்த வாயின் கதை தெரிந்துவிடும்.

அதிகம் வருவது கீழ்வரிசை முதல் கடைவாய்ப் பல் போனவர்களுடையது. ஆறு வயதில் முளைக்கிற பல் அது. நிலைத்த பற்களில் பெரும்பாலும் முதலில் சொத்தையாவதும் அதுவே. “உள்ளே இருக்கிற பல்தானே” என்று வருஷக்கணக்கில் விட்டவரின் மாதிரியில், பின்பல் காலி இடத்துக்குள் சாய்ந்து கிடக்கும். மேல்பல் அந்தப் பள்ளத்தை நோக்கி இறங்கியிருக்கும். மூன்று பல் பிரிட்ஜ் என்பது இரண்டு ஓரத்திலும் கேப், நடுவில் பொய்ப்பல், எல்லாம் ஒரே துண்டு. அது நேராக இறங்கி உட்கார, தாங்கும் பற்கள் இரண்டையும் ஒரே திசையில் சீவியிருக்க வேண்டும். சாய்ந்த பல்லைக் கூடுதலாகச் சீவும்போது நரம்பு வரை போய், வேர் சிகிச்சையும் சேர்ந்துகொள்ளலாம். பல் பிடுங்கிய இடம் ஆற இரண்டு மூன்று மாதம் போதும். அதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள்.

சுற்றிலும் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் சீவுவார்கள். போன எனாமல் திரும்ப வளராது. சொத்தையே இல்லாத இரண்டு பற்களைச் சீவிய மாதிரி மேஜைக்கு வரும்போது எனக்கு மனசு கனக்கும். பக்கத்துப் பற்கள் முழுசாக இருந்து, எலும்பும் நன்றாக இருந்தால், இம்பிளான்ட் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவற்றுக்கு எப்படியும் கேப் தேவை என்றால் பிரிட்ஜ்தான் நல்லது.

பிரிட்ஜ் செய்ய இப்போது பலரும் கேட்கும் பொருள் சிர்கோனியா. அதைக் கம்ப்யூட்டர் கடைசலில் வேண்டிய அளவைவிட ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகவே கடைவோம். 1,500 டிகிரி சூளையில் சுருங்கிச் சரியான அளவுக்கு வந்துவிடும்.

நான் அதிக நேரம் செலவிடுவது பொய்ப்பல்லின் அடிப்பக்கத்தில். ஈறைக் குதிரைச் சேணம்போல் அணைத்து உட்கார்ந்தால் பார்க்க நிஜப்பல்லாகவே இருக்கும். ஆனால் அந்தக் குழிவுக்குள் எதுவும் நுழைந்து துடைக்க முடியாது. சோறும் பாக்டீரியாவும் தங்கி ஈறு வீங்கும். அதனால் அடிப்பக்கத்தைக் குவிவாக, வழவழப்பாக இழைத்து, ஈறை அழுத்தாமல் தொடும்படி விடுகிறோம். கீழ்க் கடைவாயில் யாருக்கும் தெரியாது என்பதால் சில நேரம் ஈறைத் தொடாமலே தூக்கிவிடுவோம். “பல்லுக்கடியில் சந்து இருக்கிறதே” என்று சிலர் டாக்டரிடம் கோபித்துக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். அந்தச் சந்து வேண்டுமென்றே விட்டது.

பொய்ப்பல்லில் சொத்தை வராது. அதைத் தாங்கும் பல்லில் வரும். கேப்பின் விளிம்பும் நிஜப்பல்லும் சேரும் கோட்டில் தொடங்கும். ஒரு பக்கத்துச் சிமென்ட் மட்டும் விட்டுப்போனால், மறுபக்கம் பிடித்திருப்பதால் பிரிட்ஜ் ஆடுவதே தெரியாமல் உள்ளே பல் கரையும். கெட்ட வாடையோ, கடிக்கும்போது ஈரம் கசிகிற உணர்வோ வந்தால் உடனே காட்டுங்கள்.

மேலே துலக்கும் பிரஷ் பொய்ப்பல்லின் அடிக்குப் போகாது. முனை விறைப்பான சூப்பர் ஃப்ளாஸ் என்ற பல் நூலை, ஊசியில் நூல் கோப்பதுபோலப் பொய்ப்பல்லுக்கு அடியில் நுழைத்து, தினம் இரவில் இழுத்துத் துடைக்க வேண்டும். பிரிட்ஜ் ஒட்டுகிற அன்றே, நாற்காலியை விட்டு எழுவதற்கு முன், கண்ணாடியைக் கையில் வாங்கி, உங்கள் வாயிலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.