ஐஸ் ஹவுஸும் அதன் அண்டை அயலும்

சென்னைக்கு வரும் விருந்தினரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லாத குடும்பம் இல்லை. ஆனால் காற்று வாங்கிச் சுண்டல் தின்று திரும்புகிறவர்களில் எத்தனை பேர், சாலைக்கு மேற்கே வட்ட முகப்புடன் நிற்கும் கட்டிடத்தை ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆயினும் திருவல்லிக்கேணிவாசிகளின் நாவில் இன்றும் அது ஐஸ் ஹவுஸ்தான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரியான பிரெடெரிக் டியூடர் என்பவர், குளிர் காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி விற்றார். 1833-இல் கல்கத்தாவுக்குச் சென்ற முதல் கப்பலில் ஏற்றிய சுமார் 180 டன்னில், நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பிறகு 100 டன் போல எஞ்சியது. அந்தச் சரக்கைச் சென்னையில் வைத்து விற்க 1842-இல் எழுந்ததே இக்கட்டிடம். வெள்ளைக்காரத் துரைமார்களின் பானம் குளிர்வதற்காகப் பாதி உலகத்தைச் சுற்றி வந்தது அந்த நீர்! பின்னர் இந்நாட்டிலேயே இயந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது.

காலியான கிடங்கை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, தாழ்வாரங்களும் ஜன்னல்களும் அமைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் இங்கே தங்கினார். அவர் அனுப்பிய சுவாமி ராமகிருஷ்ணானந்தர் நடத்திய மடமும் சில வருஷங்கள் இங்கேயே இருந்தது.

1917-இல் அரசாங்கம் கட்டிடத்தை வாங்கிய பின் நிகழ்ந்ததுதான் நம் மனத்தை மிகவும் உருக்குகிறது. பால்ய விதவைகள் தங்கிப் படிக்கும் விடுதியாயிற்று அது. அதை நடத்திய சகோதரி சுப்புலட்சுமியும் பால்ய விதவையே, 1911-இல் பி.ஏ. தேறியவர். அடுப்பங்கரையின் இருட்டு மூலையே கதி என்று விதிக்கப்பட்ட சிறுமிகள், கடலைப் பார்த்த ஜன்னலருகே அமர்ந்து பாடம் படித்தார்கள், பலர் உபாத்தியாயினிகளானார்கள். 1922-இல் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் சுப்புலட்சுமியே முதல் தலைவி. அது இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் அந்த வாசலை வணங்காமல் கடக்க முடியுமா?

கடற்கரைப் பக்கம் நடுக்குப்பமும் அயோத்தியாகுப்பமும். நகரம் மாளிகை கட்டி வளர்ந்தபோதும் வலையை விடாத உழைப்பாளிகள் இவர்கள். மேற்கே பத்துப் பதினைந்து நிமிஷ நடையில் பல்லவர் கல்வெட்டுள்ள பார்த்தசாரதி கோயில். அதன் அருகே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் 1921-இல் கண்மூடிய வீடு. 1993 முதல் நினைவில்லமாக விளங்குகிறது. கணித மேதை ராமாநுஜன் குடியிருந்ததும் இத்தெருக்களில்தான். சாமானியக் குடும்பங்கள் நியாய விலையில் சாமான் பெறவென்று கூட்டுறவுப் பண்டசாலை 1904-இல் பிறந்ததும் இங்கேதான். வடக்கே சென்றால், 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. கோயில் மணியும் பாங்கொலியும் ஒரே காற்றில் கலக்கும் பேட்டை இது.

கோட்டைகளும் போர்களும் மட்டுமே சரித்திரமென்று நம் குழந்தைகள் எண்ணிவிடக் கூடாது. அந்நியர் சுகத்துக்கென்று எழுந்த ஒரு கிடங்கை, நம்மவர் துறவிக்கு இருப்பிடமாகவும் ஆதரவற்ற பெண்களுக்குக் கல்விச்சாலையாகவும் மாற்றினார்கள். அதுவும் தேச சரித்திரமே. அடுத்த விடுமுறையில் குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அலையைப் பார்த்தபின் ஒரு நாழிகை மேற்கே திரும்பி நடக்கட்டும்.