எலும்பு கூடியாச்சு, கால் ஏன் தடுமாறுகிறது?

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வடசென்னையின் ராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ வீடு திரும்பும் மூதாட்டியிடம் வீட்டார் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “நீ படுத்துக்க ஆயா, நாங்க பாத்துக்கறோம்.” பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் படுக்கையே அவரை மறுபடியும் விழவைக்கலாம்.

எக்ஸ்ரேயில் கம்பியும் திருகும் கச்சிதமாக இருக்கும். எழுந்து நின்றாலோ உடம்பு ஒரு பக்கம் சாயும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் மொத்த உடம்பையும் ஒற்றைக் கால்தான் தாங்குகிறது. அப்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் வெளிப்புறத் தசை. முறிவும் அறுவையும் வலியும் அதைத்தான் பலவீனமாக்குகின்றன. படுத்தே கிடந்தால் மிச்சமிருக்கும் பலமும் கரைகிறது. உடல்நிலை இடம்கொடுத்தால் அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்துவது இதனால்தான்.

தசையோடு முடிவதில்லை. கண், உட்காது, பாதம் மூன்றும் தரும் தகவலை வைத்தே மூளை உடலை நிமிர்த்துகிறது. சர்க்கரை நோயில் பாதம் மரத்திருக்கலாம், கண்ணில் புரை இருக்கலாம், ரத்த அழுத்த மாத்திரையால் எழும்போது தலை சுற்றலாம். எல்லாவற்றுக்கும் மேல் பயம். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நடையைக் குறைத்தால் தசை இன்னும் மெலியும்.

தடுமாற்றத்தை அளக்க எளிய சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். முதியவருக்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாகக் கொள்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

பயிற்சிகளும் எளியவையே: சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. யாருக்கு எது, எப்போது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்ல வேண்டும்.

வடசென்னையின் நெருக்கமான வீடுகளில் வாக்கர் திரும்பவே இடமிருக்காது. உயர்ந்த வாசற்படி, ஈரத் தரை, செங்குத்தான மாடிப்படி, குந்தி உட்காரும் கழிவறை எல்லாமே இடைஞ்சல். கழிவறை நாற்காலி, சுவரில் கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு ஆகியவை ஆள் வீடு திரும்புமுன்னே தயாராக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்து அலைய முடியாத குடும்பங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் அடக்கம். டிஸ்சார்ஜ் ஆனதுமே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கேட்க வேண்டும். தசை கரையும்வரை காத்திருக்கக் கூடாது.