ஓடைக்கரையில் ஒரு குடியிருப்பு

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரெஞ்சு எல்லைக்குச் சமீபமாக, கருங்காட்டு மலைகளின் அடிவாரத்தில் அமைந்த பிரைபர்க் ஒரு சர்வகலாசாலை நகரம். அந்நகரின் தென்பகுதியில், சிற்றோடை ஒன்றின் ஓரமாக, சுமார் 38 ஹெக்டேர் விஸ்தீரணத்தில் பிரெஞ்சுப் படையினர் நெடுங்காலம் தங்கியிருந்த பாசறை இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இதே நகருக்குக் கோட்டை வகுத்த வோபான் என்னும் நிபுணரின் பெயரே அதற்கு வழங்கிற்று. 1992-இல் படை வெளியேறிய பின், காலியான அந்தக் கட்டடங்களை நாடியவர்களில், வாடகை கொடுத்து மாளாத மாணவர்களும், தனித்துக் குழந்தைகளை வளர்த்த தாய்மாரும் இருந்தார்கள். அவர்கள் கூடி அமைத்த சங்கத்துக்கு நான்கு கட்டடங்கள் கிடைத்தன. வேறு ஆறு, மாணவர் விடுதிகளாயின. சங்கத்தார் தங்கள் கட்டடங்களைத் தாங்களே கரண்டி பிடித்துப் புதுப்பித்தார்கள். தான் வசிக்கப்போகும் வீட்டுக்குத் தானே சுவர் பூசுகிறவன் வரைபடத்தைப் பார்க்கும் பார்வையே வேறு என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சிய நிலத்தில் புதிய குடியிருப்பை நிர்மாணிக்க நகரசபை முற்பட்டபோது, குடிமக்கள் தாமாகத் தொடங்கிய ‘வோபான் மன்றம்’ என்ற அமைப்பை 1995-இல் அங்கீகரித்து, திட்டமிடுதலில் ஜனங்களின் குரலாக ஏற்றுக்கொண்டது. திட்டம் என்பது போகப்போகக் கற்றுக்கொள்வது என்ற கொள்கையைச் சபையும் கைக்கொண்டது.

கார் இல்லாத தெரு என்ற யோசனை எழுந்தவுடனேயே, சட்டம் குறுக்கே நின்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் நிறுத்துமிடம் இருந்தே தீரவேண்டும் என்பது அந்நகரம் அமைந்த மாநிலத்தின் விதி. அதை மீறவும் முடியாமல், அதற்குப் பணிந்து வீட்டுவாசலைக் காருக்கு ஒப்படைக்கவும் மனமில்லாமல், அவர்கள் கண்ட உபாயம் மிக நேர்த்தியானது: கார் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் குடியிருப்பின் எல்லையில் உள்ள அடுக்கு நிறுத்தத்தில் இடத்தை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும், வேண்டாதவரோ, தமக்குக் கார் இல்லை என்று உறுதி எழுதிக் கொடுத்து, அதைவிட மிகக் குறைந்த தொகையைச் சங்கம் ஒன்றில் செலுத்தினால், அச்சங்கம் பிற்காலத் தேவைக்கென்று ஓரமாக ஒரு நிலத்தை வாங்கி வெறுமையாகவே காத்து வைக்கும். இவ்விதம் சட்டத்தின் சொல்லும் காப்பாற்றப்பட்டது; நிறுத்துமிடத்தின் செலவு, காரை உபயோகிப்பவரிடமே போய்ச் சேர்ந்தது.

உள்தெருக்களில் சாமான் இறக்கவும் ஏற்றவும் கார் நடைவேகத்தில் வரலாம், நிற்கலாகாது. ஆதலால் அங்கே குழந்தைகள் நடுத்தெருவில் விளையாடுகிறார்கள். டிராம் வண்டி 2006-இல்தான் வந்தது. அதுவரை குடியேறியவர்கள் பஸ்ஸையும் சைக்கிளையும் நம்பியே வாழ்ந்தார்கள் என்பதை மறக்கலாகாது. வசதி வந்த பிறகே காரை விடுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஓடையின் கரையைக் கட்டடம் இன்றியே விட்டார்கள். படைக்காலத்துப் பெருமரங்கள் பலவற்றை வெட்டாமல் அவற்றுக்கிடையே வீடுகளுக்கு இடம் தேடினார்கள். மழைநீரைக் குழாயில் அடைத்து விரட்டாமல், நடுவீதியை ஒட்டிய பள்ளமான புல்வாய்க்கால்களில் ஓடவிட்டு மண்ணுக்குள் இறங்கச் செய்தார்கள். காரை நிறுத்தத் தரை வேண்டாத தெருவில்தானே மண்ணும் மரமும் ஓடையும் இப்படி இளைப்பாற முடியும்?

பிற்காலத்து நிறுத்தத்துக்கென்று சங்கம் காத்து வைத்த அந்த நிலம், புல் முளைத்த வெளியாகவே இருந்துவருகிறது.