வாட் டைலரும் வலங்கை இடங்கையும்

மயிலைக் கடற்கரையில் நொச்சிக்குப்பம். வலையை உலர்த்திவிட்டு வந்த தோழர் ஒருவர், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகளைக் காட்டி என்னிடம் கேட்டார்:

"இடைக்கால உலக வரலாறாம் தோழர், நாளைக்குப் பரீட்சை! எந்த ஊர் ராஜாவோ எப்பவோ செத்ததை இது ராத்திரியெல்லாம் உருப்போடுது. நம்ம வயித்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி! 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். 1215இல் ஜான் மன்னனை மடக்கி மகாசாசனத்துக்கு முத்திரை வைக்கச் செய்தனர் பிரபுக்கள். பிரபுக்களுக்கு உரிமை கிடைத்தது. பண்ணையில் கட்டுண்டு கிடந்த உழவனுக்கு? அவன் பண்ணையடிமையாகவே கிடந்தான்!

அந்த உழவனைத் தேடிப் படித்தால்தான், தோழர்களே, வரலாறு நமக்குச் சொந்தமாகும்.

1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்தில் புகுந்தது. ஊர் ஊராக மக்கள் மாண்டனர். உழ ஆளில்லை, அறுக்க ஆளில்லை. எஞ்சியவன் கூலியை உயர்த்திக் கேட்டான். கேட்கமாட்டானா? ஆள்வோர் என்ன செய்தனர்? 1351இல் சட்டம் போட்டனர்: நோய் வருவதற்கு முன் இருந்த கூலிக்கே உழைக்க வேண்டும்; மிகுதி கேட்பவன் குற்றவாளி! போதாக்குறைக்குப் போர்ச் செலவென்று தலைவரி. சீமானுக்கும் கூலிக்காரனுக்கும் அடுத்தடுத்துத் தலைவரி விதித்து, 1381இல் வசூலைக் கடுமையாக்கினர்.

பொங்கினான் உழவன். வாட் டைலர் தலைமையில், ஜான் பால் என்னும் பாதிரி பக்கம் நிற்க, ஜூன் திங்களில் இலண்டனில் நுழைந்தனர். போகும் வழியெல்லாம் பண்ணைக் கணக்கேடுகளைக் கொளுத்தினர். அடிமை என்று எழுதிவைத்த ஏடல்லவா அது! மன்னன் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது வயது 14. அந்தச் சிறுவன் நேரில் வந்து, "பண்ணையடிமை முறை ஒழிந்தது" என்று வாக்களித்தான். மறுநாள் பேச்சு நடந்த இடத்திலேயே டைலர் வெட்டுண்டார். சில வாரங்களில் வாக்கும் திரும்பப் பெறப்பட்டது.

"என் வயசு ராஜாவா!" என்றாள் பெண்.

"இங்கிலீஷ்காரனுக்கு ரோஷம் இருந்துச்சு. நம்ம ஆளுங்க?" என்றார் தந்தை.

இருந்தது, தோழரே! டைலர் மாண்டு 48 ஆண்டுகளுக்குப் பின், 1429இல், விசயநகர ஆட்சியின்கீழ் இருந்த காவிரிக் கரையில் வலங்கையார் 98, இடங்கையார் 98 என்னும் இரு பிரிவினரும் ஒன்றுகூடினர். திருவைகாவூரிலும் கொறுக்கையிலும் கல்வெட்டுகள் இன்றும் அதைச் சொல்கின்றன. அதிகாரிகள் ஒருபுறம் கசக்கிப் பிழிய, நிலமுடைய பிராமணரும் வெள்ளாளரும் மறுபுறம் வரி வாங்க, உழைத்தவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு, இன்ன பயிருக்கு இவ்வளவு, இன்ன தொழிலுக்கு இவ்வளவுதான் தருவோம் என்று தாங்களே வகுத்துக் கல்லில் வெட்டினார்கள்! கொடுமை செய்வோருக்கு இடம் கொடுக்காதே, கணக்கு எழுதிக் கொடுக்காதே என்றும் அக்காலத்துக் கல்வெட்டு கட்டளையிடுகிறது. அங்கே கணக்கேட்டைக் கொளுத்தினான். இங்கே கணக்கு எழுதும் கையையே நிறுத்தினான். எது வலிய ஆயுதம் என்பதை வேலைநிறுத்தம் கண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. வலங்கை, இடங்கை என்பவை சாதிகளின் அணிகள். 1429இல் ஒன்றாக நின்ற அதே இரு கைகள், 1652இலும் 1707இலும் இதே சென்னைப் பட்டணத்தில், எந்தத் தெருவில் எவன் ஊர்வலம் போவது என்று ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. நடுவர் யார்? கோட்டையில் இருந்த வெள்ளைக் கம்பெனி! அன்று வரி கேட்டவனை எதிர்த்தவர்கள், பின்னாளில் வழி கேட்டு அவன் வாசலில் நின்றார்கள்.

தோழர் நெடுநேரம் பேசவில்லை. ஏலக்காரரின் கணக்கு நோட்டு அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "கணக்கு எழுதாதேன்னு கல்லிலேயே வெட்டினாங்களா?" என்று மட்டும் மறுபடி கேட்டார்.

பெண் புத்தக ஓரத்தில், 1381க்குப் பக்கத்தில் 1429 என்று எழுதிக்கொண்டாள். நாளைத் தேர்வில் அதற்கு மதிப்பெண் வராது என்றேன். "தெரியும்" என்றாள்.